அறுபத்து நாலாம் வருஷத்து ஃபேன் பெல்ட்

புதுக்கோட்டை மாவட்டத்தின் பொதுமக்களும், சாலையோர ஆடு மாடுகளும், டீக்கடை பெஞ்சுகளில் நிரந்தரமாகக் குடியிருப்பவர்களும் மேலான கவனத்தில் கொள்ள வேண்டிய செய்தி இது: ஓய்வுபெற்ற துணை வட்டாட்சியர் ஆத்மநாதன் அவர்களின் 1964ஆம் வருஷத்து அம்பாசடர் கார், கம்பெனியை விட்டுப் புறப்பட்ட நாளில் எப்படி இருந்ததோ அப்படியே, ஒரு திருகாணி பிசகாமல், இப்பூவுலகில் மறுபடியும் எழுந்தருளிவிட்டது. வருகிற ஞாயிறு, திருச்சியில் நடக்கும் பழைய வண்டிகள் போட்டியில் 'முழு அசல்' கேடயத்தை அது பெறும். பெறுமா என்று யாரும் கேட்கக் கூடாது.

இந்த அறிவிப்பை ஆத்மநாதன் ஓய்வூதியர் சங்கம், தெரு நலச் சங்கம், சம்பந்தி வீட்டு உறவுகள் என்று பதினொரு வாட்ஸ்ஆப் குழுக்களில் போட்டிருந்தார். கேடயம் இல்லாமல் திரும்பினால் பதினொன்றிலிருந்தும் வெளியேறிக் காசிக்குப் போக வேண்டியதுதான்.

முப்பத்தொரு வருஷம் தாலுகா ஆபீசில் உட்கார்ந்து, வந்தவர்களை எல்லாம் "நகல் செல்லாது, அசல் கொண்டாங்க" என்று திருப்பி அனுப்பிய கண் அவருடையது. ஓய்வுபெற்றதும் அந்தக் கண் காரின் மேல் விழுந்தது. மெக்கானிக் நாகராசு பூட்டிய பதினாலு ஸ்டார் ஸ்க்ரூவையும் கழற்றவைத்தார். அந்தக் காலத்தில் தலையில் ஒற்றைக் கோடுதானாம். இடப்பக்கக் கதவின் கைப்பிடிக்காக எட்டு மாதம் அலைந்தார். கடைசியில் அறந்தாங்கியில், ஆண்களெல்லாம் துபாயில் இருக்கும் ஒரு வீட்டுக் கொட்டகையில், உட்காரும் சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த பழைய வண்டியில் அது கிடைத்தது. கோழியைக் கலைக்க அந்த வீட்டம்மா சம்மதிக்கவில்லை. குஞ்சு பொரியும்வரை காத்திருந்து வாங்கிவந்தார்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். மூன்று வருஷ வேலை முடிந்து, பாலாடை நிறத்தில் வண்டி வாசலில் நின்றபோது, வம்பு பேச வந்தவர்கள்கூடச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கிட்டே போனார்கள்.

எல்லாவற்றுக்கும் மகுடம் ஃபேன் பெல்ட். மதுரையில் மூடிக் கிடந்த ஒரு கடையின் பரணில், அட்டைப்பெட்டிகூடப் பிரிக்காமல் அறுபது வருஷம் இருந்த பெல்ட். நாகராசு அதை வளைத்துப் பார்த்து முகம் சுளித்தான்.

"பொட்டிதாங்க புதுசு. ரப்பருக்கு வயசாயிருச்சு."

"உபயோகமே படுத்தலயேப்பா! அப்புறம் எப்படி வயசாகும்?"

"எங்க சித்தப்பாகூடத்தான் கல்யாணமே பண்ணிக்கல. அதுக்காக அவருக்கு வயசாகாமயா இருக்கு?"

பெல்ட் பூட்டப்பட்டது.

ஞாயிறு காலை சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. மனைவி சொர்ணவல்லி முன்பக்க பம்பரில் திருஷ்டிக்கயிறு கட்டப் போனாள். ஆத்மநாதன் பாய்ந்து தடுத்தார்.

"அறுபத்தி நாலுல கம்பெனிக்காரன் கயிறு கட்டியா அனுப்புனான்?"

"ஒங்களக்கூடத்தான் எங்கப்பா இந்தத் தொப்பையோட பாத்தா கட்டிவச்சாரு? நான் அசல் வேணும்னு கேட்டனா?"

கயிறு அவள் கைப்பைக்குள் போனது. வண்டி கிளம்பியது. ஆத்மநாதன் ஸ்டியரிங்கில், நாகராசு பக்கத்தில், சொர்ணவல்லி பின்னால். போகிற வழியெல்லாம் பஸ்ஸிலிருந்து ஜனங்கள் எட்டிப் பார்த்தார்கள். ஆத்மநாதன் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில், தேர் மேல் சாமி மாதிரி இருபுறமும் தலையசைத்தார். கீரனூர் வந்ததும் வண்டிக்குள் 'பட்' என்று ஒரு சத்தம். இறங்கி பானட்டைத் திறந்தார்கள். அறுபது வருஷத்து பெல்ட் மூன்று துண்டாகக் கிடந்தது.

"அந்தா தெரியுது பாருங்க கடை," என்றான் நாகராசு. "அஞ்சு நிமிசத்துல வேற பெல்ட் மாட்டிருவேன்."

ஆத்மநாதன் சட்டைப் பையிலிருந்து போட்டியின் விதித்தாளை எடுத்தார். ஒவ்வொரு வரியும் அவருக்கு மனப்பாடம். கம்பெனி பூட்டாத பாகம் வண்டியில் இருந்தால், ஒவ்வொன்றுக்கும் ஒரு மார்க் குறையும். பிரிவில் அதிக மார்க் வாங்கும் வண்டிக்குக் கேடயம்.

"ஒரு மார்க்குதானங்க போகும்?"

"தொண்ணூத்தொம்பது வாங்கிட்டுக் கோயம்புத்தூர்க்காரன் எவனாவது நூறோட நின்னா? பெல்ட் மாட்டாத."

"பெல்ட் இல்லாம திருச்சி வரைக்கும் ஓட்டுனா இஞ்சின் வெந்துரும்ங்க."

"ஓட்டணும்னு யாரு சொன்னா? 'மைதானத்துக்குள் தன் இஞ்சினில் ஓடி வரவேண்டும்'. மைதானத்துக்குள்ளதானப்பா! கேட் வரைக்கும் எப்படி வந்தா என்ன?"

ராக்கன் என்பவர் குட்டியானை வண்டியில் ஆடு ஏற்றிக்கொண்டு திருச்சிக்குப் போய்க்கொண்டிருந்தார். அதன் பின்னால் கயிறு கட்டி அம்பாசடர் புறப்பட்டது. ஆறு ஆடுகள் பின்பக்கத் தடுப்பில் தாடையை வைத்துக்கொண்டு, திருச்சி வரைக்கும் ஆத்மநாதனையே பார்த்துக்கொண்டு வந்தன. அவர் தலையசைக்கவில்லை.

மைதான கேட்டுக்கு நூறடி முன்னால் கயிற்றை அவிழ்த்தார்கள். சாவியைத் திருப்பியதும் இஞ்சின் பட்டுப்போலக் கிளம்பியது. ஒரு வட்டம் அடித்து, சூடு ஏறுவதற்குள் தன் இடத்தில் போய் நின்றது. சுற்றிலும் ஐம்பது அறுபது வண்டிகள். ஜீப்புகள், மோட்டார் சைக்கிள்கள், கூரை திறந்த சீமைக் கார்கள். ஆத்மநாதன் எல்லாவற்றையும் விரோதியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

நடுவராக வந்தவள் ஜெனிஷா. ஆவூர்ப் பெண், சென்னையில் இன்ஜினியர். டார்ச் அடித்து முக்கால் மணி நேரம் பார்த்தாள். ஒவ்வொன்றுக்கும் டிக் போட்டாள்.

"இந்தக் கைப்பிடிய நான் படத்துலதான் சார் பாத்திருக்கேன்!"

ஆத்மநாதனின் சட்டைப் பித்தான்கள் இறுகின. அப்புறம் அவள் பானட்டைத் திறந்தாள்.

"சார், ஃபேன் பெல்ட் எங்க?"

நாகராசு வானத்தைப் பார்த்தான்.

"இல்லம்மா," என்றார் ஆத்மநாதன்.

"இல்லன்னா?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை விரித்தார். முப்பத்தொரு வருஷ அனுபவம் தொண்டையில் வந்து உட்கார்ந்தது. "ஆறாவது விதியப் படிங்க. 'கம்பெனி பூட்டாத பாகம் வண்டியில் இருந்தால்'. இல்லாத பெல்ட் எப்படிம்மா வண்டியில இருக்கும்? எதுக்குக் கொறைப்பீங்க? காணாமப்போன பாகத்துக்கு மார்க் கொறைக்கணும்னு எந்த வரியில போட்டிருக்கு, காட்டுங்க."

ஜெனிஷா தாளைப் படித்தாள். மற்ற இரண்டு நடுவர்களைக் கூப்பிட்டாள். அவர்களும் படித்தார்கள், திருப்பிப் போட்டும் பார்த்தார்கள். கால் மணி நேரம் கழித்துப் பெருமூச்சு விட்டாள்.

"விதிப்படி நூறுதான் சார்."

"ஏங்க, ஆபீஸ்லயும் இப்படித்தான் இருந்தீங்களா?" என்றாள் சொர்ணவல்லி.

"இதவிட," என்றார் ஆத்மநாதன். அவர் கண் கலங்கியிருந்தது.

மேடையில் பெயரை வாசித்தார்கள். கைதட்டல் எழுந்தது. கேடயத்தைக் குழந்தையைப்போல மார்போடு அணைத்துக்கொண்டு, காருக்கு முன்னால் பதினாறு போட்டோ எடுத்துக்கொண்டார். பதினொரு குழுக்களிலும் 'நூற்றுக்கு நூறு' என்று போட்டார். ஆடுகளை இறக்கிவிட்டுத் திரும்பிய ராக்கன் மறுபடியும் கயிறு கட்டினார். கேடயம் முன்கண்ணாடிக்குள் பளபளக்க, அம்பாசடர் புதுக்கோட்டைக்குத் திரும்பியது.

'முழு அசல்' பிரிவில் அன்று பெயர் கொடுத்திருந்தது அந்த ஒரு வண்டிதான்.