ஆறாவது கோரிக்கை

நெய்வேலிக்குப் பக்கத்தில், வடக்குத்து மெயின் ரோட்டில் பொற்கொடி வைத்திருந்த டி.டி.பி. கடைக்கு எல்லாக் கட்சிக்காரர்களும் வருவார்கள். தமிழைப் பிழையில்லாமல் அடிப்பாள், ஒருத்தர் கொடுத்த தாளை இன்னொருத்தர் கண்ணில் காட்டமாட்டாள் என்று பெயரெடுத்திருந்தாள். 2013 ஜூன் மாதக் கடைசியில் அவளுக்கு மூச்சுவிட நேரமில்லை. அரசாங்கத்தின் பண நெருக்கடியைச் சமாளிக்க நெய்வேலி நிலக்கரிக் கம்பெனியின் பங்கில் ஐந்து சதவீதத்தை விற்கப் போவதாக டெல்லியில் முடிவெடுத்திருந்தார்கள். டவுன்ஷிப்பில் இருந்த சங்கங்கள் எல்லாம் கொதித்துப்போய் வேலைநிறுத்தம் என்றன. எல்லாருக்கும் நோட்டீஸ் வேண்டியிருந்தது.

செங்கொடிச் சங்கத்துச் செயலாளர் ராஜாங்கம் கொண்டுவந்த தாளில், உலக முதலாளித்துவம் தன் நெருக்கடியைத் தொழிலாளியின் தலையில் இறக்கிவைக்கிறது என்று இருந்தது. மதிவாணனின் சங்கத்துத் தாளில், தமிழ் மண்ணின் சொத்தை வடக்கே அள்ளிக்கொண்டு போகிறார்கள் என்று இருந்தது. டெல்லியில் ஆளும் கட்சியின் சங்கத்துக்காரரான கோபாலகிருஷ்ணன்தான் பாவம், யாரைத் திட்டுவதென்று தெரியாமல் 'பணிவன்புடன் வேண்டுகிறோம்' என்று நான்கு இடத்தில் எழுதியிருந்தார். மூன்று பேருமே இதைப் போர் என்றார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் நிஜமாகவே நடந்து முடிந்த போரைப் பற்றியும் மார்ச் மாதம் இதே ஆட்கள் தனித்தனியாக நோட்டீஸ் போட்டிருந்தார்கள். செத்தவர்களுக்கு இரண்டு வரி, அடுத்த கட்சியின் துரோகத்துக்கு இரண்டு பக்கம். அதையும் பொற்கொடிதான் அடித்துக் கொடுத்தாள்.

ராஜாங்கத்தின் தாளில் கோரிக்கைகள் ஐந்து. பங்கு விற்பனையைக் கைவிடு என்பது முதலாவது. அப்புறம் சம்பள ஒப்பந்தம், போனஸ், மருத்துவம், குவார்ட்டர்ஸ் பராமரிப்பு. காண்ட்ராக்ட் ஆட்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. மற்ற இரண்டு தாளிலும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அவள் புருஷன் செங்குட்டுவன் பதினான்கு வருஷமாகக் காண்ட்ராக்டில் மைன்ஸுக்குப் போகிறான். கன்வேயர் பெல்ட்டிலிருந்து சிந்துகிற கரியை மண்வெட்டியால் வாரி மறுபடி பெல்ட்டில் போடுகிற வேலை. ஸ்ட்ரைக் என்றால் அவனும் வெளியே நிற்க வேண்டும்.

ஐந்தை அடித்துவிட்டு என்டரைத் தட்டினாள். கம்ப்யூட்டர் தானாக ஆறு என்று எண் போட்டுக்கொண்டு காத்திருந்தது. பத்து மணிக்குக் கரண்ட் போய்விடும், அதற்குள் வடலூர் பிரஸ்ஸுக்கு அனுப்பியாக வேண்டும். எப்போதும் போல 'நீயே புரூஃப் பாத்துரும்மா' என்று சொல்லிவிட்டு ராஜாங்கம் போயிருந்தார். பொற்கொடி ஒரு நிமிஷம் அந்த எண்ணைப் பார்த்தாள். பிறகு மளமளவென்று அடித்தாள்: ஒப்பந்தத் தொழிலாளர்களை உடனே நிரந்தரமாக்கு.

மறுநாள் ஷிப்ட் முடிந்து வந்த செங்குட்டுவன் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே கடைக்கு வந்தான். கையில் அந்த நோட்டீஸ். கரி படிந்த முகத்தில் பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

"ஏ பொற்கொடி, ஆறாவதா இன்னா போட்டுக்கீறாங்க பாத்தியா? நீதான அடிச்ச, வூட்ல ஒரு வார்த்த சொன்னியா?"

"வேல அவசரத்துல மறந்துட்டேங்க."

"எங்க செட்டு ஆளுங்க அத்தினி பேரும் படிச்சிக்கினு இருந்தாங்க. பெரியண்ணன் அழுதே பூட்டான். பதினாலு வருசத்துல நம்பள ஒரு ஆளா மதிச்சி எழுதினது இதான் மொத தபா."

நான்தான் எழுதினேன் என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. அவன் அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

வேலைநிறுத்தம் தொடங்கிய அன்று மைன்ஸ் கேட் வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். சங்கத்தில் இன்னொரு கட்டு நோட்டீஸ் கேட்டிருந்ததால் பொற்கொடியும் ஸ்கூட்டியில் போயிருந்தாள். மைக்கைப் பிடித்து ராஜாங்கம் கிரேக்க நாட்டு நெருக்கடியிலிருந்து ஆரம்பித்து அமெரிக்க வங்கிகள் வழியாக நெய்வேலிக்கு வந்து சேர்ந்தார். கைதட்டல் ஓய்ந்ததும் கூட்டத்தின் ஓரத்திலிருந்து காண்ட்ராக்ட் ஆட்கள் முப்பது நாற்பது பேர் முன்னால் வந்தார்கள். பேசியது செங்குட்டுவன்.

"தோழர், அந்த ஆறாவது கோரிக்கய ரெண்டு வார்த்த வெளக்கிச் சொல்லுங்க. பங்கு விக்கறத நிறுத்திட்டாக்கூட, அது கெடைக்கிற வரிக்கும் ஸ்டிரைக் நடக்கும்தான?"

ராஜாங்கம் புரியாமல் பார்த்தார். ஒருவன் நோட்டீஸை நீட்டினான். வாங்கிப் படித்தார். பின்னால் உட்கார்ந்திருந்த மதிவாணன் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்க, கூட்டா பேசினப்ப இது இல்லியே" என்றார். ராஜாங்கம் மைக்கை மூடிக்கொண்டு அவரிடம் ஏதோ சொன்னார். பிறகு மைக்கிலேயே சொன்னார்:

"தோழர்களே, இது அச்சுப்பிழை. பிரஸ்ல தவறுதலா சேந்துருக்கு. நம்ம கோரிக்கை அஞ்சுதான். உங்க பிரச்சினைய சங்கம் மறக்கல. அதுக்குன்னு தனியா ஒரு காலம் வரும்."

பந்தலில் யாரோ சிரித்தார்கள். செங்குட்டுவன் நோட்டீஸைத் திருப்பி வாங்கிக்கொண்டான். திரும்பியபோது, நோட்டீஸ் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவனுக்குப் புரிந்துவிட்டது.

சாயங்காலம் ராஜாங்கம் கடைக்கு வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவரோ களைத்துப்போய் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஏம்மா இப்படிப் பண்ணிட்ட? பதிமூணு சங்கத்த ஒரு பந்தல்ல உக்கார வைக்க நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. கம்பெனியே தனியாருக்குப் போயிட்டா உன் வீட்டுக்காரருக்கு எதுல பர்மனென்ட் கேப்ப?"

"தனியாருக்குப் போவாம இருந்த பதினாலு வருசமும் நீங்க கேக்கலியே சார்."

"இப்ப நேரம் இல்லம்மா."

"எப்பதாங்க நேரம்? நல்லாருக்கும்போது எங்க நெனப்பு வரல. கஷ்டம் வந்தா எங்கள ஒதுங்கி நிக்கச் சொல்றீங்க. அமெரிக்கா பேங்க் எதுக்கு முழுவிச்சின்னு உங்களுக்குத் தெரிது. பெல்ட்டுக்குக் கீழ நிக்கறவன் பேரு தெரிதா?"

இனிமேல் புரூஃபை வேறு ஆள் பார்ப்பார் என்று மட்டும் சொல்லிவிட்டு ராஜாங்கம் எழுந்து போனார்.

வீட்டில் செங்குட்டுவன் சண்டை போட்டிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது சொன்னான்: "நீ எழுதினன்னு மொதல்லியே சொல்லியிருந்தா நான் கேட்டிருக்கவே மாட்டேன். நாலு பேரு சிரிச்சிட்டானுங்க."

"எழுதினது தப்பாங்க?"

"தப்பில்ல. அவுங்க எழுதினதுன்னு நெனச்சிக்கினு ரெண்டு நாளு சந்தோசமா இருந்தம் பாரு, அதான்."

ஜூலையிலேயே அந்தப் பங்கை மாநில அரசு நிறுவனங்களே வாங்கிக்கொள்வது என்று முடிவாகி வேலைநிறுத்தம் முடிந்தது. கேட்டில் வெடி வெடித்தார்கள். உழைக்கும் வர்க்கத்தின் வெற்றி என்று ஒரு தாள் வந்தது, தமிழினத்தின் வெற்றி என்று ஒன்று, டெல்லித் தலைமையின் பெருந்தன்மைக்கு நன்றி என்று ஒன்று. பொற்கொடி மூன்றையும் அடித்துக் கொடுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டுதான் அடித்தாள். ஆனால் கடையை மூடிவிட்டு எங்கே போவது?

அந்த வாரக் கடைசியில் செங்குட்டுவன் தன் செட்டு ஆட்கள் ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். நாமே ஒரு மனு கொடுப்போம் என்றார்கள். அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. தாளை எடுத்து வைத்து, "யாரு பேர்ல குடுக்கறீங்க?" என்றாள். அங்கேதான் மாட்டிக்கொண்டது. மதிவாணன் சங்கத்து லெட்டர்பேடில் கொடுத்தால்தான் எடுபடும் என்றான் ஒருவன். செங்கொடி இல்லாமல் கையெழுத்தே போடமாட்டேன் என்றான் பெரியண்ணன். தன் சாதிக் கட்சித் தலைவரைப் போய்ப் பார்க்கலாம் என்றான் இன்னொருவன். குரல் உயர்ந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்த தேர்தலில் யார் யாருக்கு ஓட்டுப் போட்டார்கள் என்பதெல்லாம் வெளியே வந்தது.

"யாரு பேரும் வாணாம். உங்க பேர மட்டும் போடுங்க" என்று கத்தினாள் பொற்கொடி. அரைமணி நேரம் கழித்து ஆறு பேரில் நான்கு பேர் கையெழுத்துப் போட்டார்கள். பிற்பாடு பெல்ட் லைனில் மற்ற ஆட்களிடம் கேட்டுக் கேட்டு அது முப்பத்தொன்று ஆனது.

திங்கட்கிழமை அவளும் செங்குட்டுவனும் மனுவை எடுத்துக்கொண்டு கம்பெனி அலுவலகத்துக்குப் போனார்கள். மேஜையில் இருந்தவர் மரியாதையாகவே பேசினார். முதல் பக்கத்தைப் படித்தார், கையெழுத்துகளைப் புரட்டினார், திருப்பிக் கொடுத்தார்.

"தனி ஆளுங்க கொடுத்தா வாங்க முடியாதும்மா. சங்கம் மூலமா வாங்க."

வெளியே வந்து புளியமரத்தடியில் நின்றார்கள். செங்குட்டுவனுக்கு இரண்டாம் ஷிப்ட்டுக்கு நேரமாகிவிட்டது. மனுவை அவள் கையில் கொடுத்துவிட்டு, "ராஜாங்கத்தாண்ட குடுத்துப் பாரு" என்று சொல்லிப் பஸ் ஏறினான்.

பஸ் போன பிறகும் பொற்கொடி அங்கேயே நின்றிருந்தாள். ராஜாங்கத்தின் சங்க ஆபீஸ் எதிர்ப்பக்கம்தான், ரோட்டைத் தாண்டினால் போதும். தாண்டுவதற்கு அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று.