பதினைந்து நாள் அவகாசம்

வீட்டில் எனக்கு "மந்திரி" என்று பெயர். இளங்கலையில் பன்னாட்டு விவகாரம் என்று ஒரு பாடம் இருப்பதே நான் விண்ணப்பம் போட்ட பிறகுதான் அப்பாவுக்குத் தெரியும். அவர் பஸ் ஓட்டுநர். "படிச்சு முடிச்சதும் எந்த ரெண்டு நாட்டுக்கு நடுவுல போய் நிக்கப்போற?" என்று கேட்டுவிட்டுக் கட்டணத்தைக் கட்டினார். அம்மா தையல் கடைக்குப் பொத்தான் தைத்துக் கொடுப்பவள். அவளுக்கு நான் என்ன படித்தாலும் பெருமைதான்.

என் படிப்பை மெய்யாகவே மதித்தவன் அண்ணன் ஒருவன்தான். சரக்குக் கப்பலில் இயந்திர அறையில் வேலை பார்த்தான். துறைமுகத்துக்குத் துறைமுகம் போன் செய்து, "மந்திரி, இந்த நாட்டுக்காரன் பக்கத்து நாட்டுப் பேரைச் சொன்னாலே மூஞ்சியத் திருப்பிக்கிறானே, ஏன்?" என்பான். அந்த வாரம் வகுப்பில் எழுதிய குறிப்பைப் பார்த்துச் சொல்வேன். தெரியாததை இன்னும் அழுத்தமாகச் சொல்வேன். எனக்கு எப்போதுமே வாய் நீளம்.

நான் இரண்டாம் ஆண்டில் இருந்தபோது அவனுடைய கப்பலைக் கடன் பாக்கிக்காக ஓர் அயல்நாட்டுத் துறைமுகத்தில் நிறுத்திவைத்தார்கள். முதலாளி கம்பி நீட்டிவிட்டான். கேப்டன் உடம்பு சரியில்லை என்று முன்பே இறங்கிப் போயிருந்தார். மிஞ்சியவர்கள் பதினோரு பேர். ஆளில்லாமல் கப்பலை விடமுடியாது, ஒருவர் பொறுப்பாளராகக் கையெழுத்துப் போட்டால் மற்ற பத்துப் பேரும் வீட்டுக்குப் போகலாம் என்றது அந்த ஊர் நீதிமன்றம். கையெழுத்துப் போடுபவரின் பாஸ்போர்ட் நீதிமன்றத்தில் இருக்கும். பத்துப் பேரும் தரையைப் பார்த்தார்களாம். அண்ணன் உத்தரவைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினான்.

கல்லூரி கேன்டீனில் உட்கார்ந்து இருபது நிமிடத்தில் விடை கண்டுபிடித்தேன். கைவிடப்பட்ட கப்பல்களின் மாலுமிகள் பற்றிய ஓர் உடன்படிக்கை எங்கள் பாடத்திலேயே இருந்தது. அப்படி நியமிக்கப்பட்டவரை முப்பது நாளுக்குள் விடுவித்து, துறைமுக நாடு தன் ஆளை வைக்கவேண்டும் என்று அதில் ஒரு பிரிவு. பின்னிணைப்பில் நாடுகளின் பட்டியலைப் பார்த்தேன். அந்த நாட்டின் பெயர் இருந்தது, எதிரே தேதியும் இருந்தது. புத்தகத்தை மூடிவிட்டேன்.

"போட்டுடு அண்ணா. முப்பது நாள்ல அவங்களே உன்னை அனுப்பியாகணும். சட்டம்."

"உறுதியாத் தெரியுமா?"

"நான் இதத்தானே படிக்கிறேன்."

போட்டுவிட்டான். பத்துப் பேர் வீடு போய்ச் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவரின் மனைவி அம்மாவுக்குப் போன் செய்து அழுதிருக்கிறாள். அம்மா அதைத் தெரு முழுக்கச் சொன்னாள். "எம்பொண்ணு ஒரு வார்த்தை சொன்னா. பத்துக் குடும்பத்துல விளக்கெரியுது."

அவன் கையெழுத்துப் போட்ட பதினோராம் நாள், நம் தூதரகத்துக்கு எழுத வேண்டிய கடிதத்தில் பிரிவு எண் போடுவதற்காக நூலகத்தில் அதே புத்தகத்தை எடுத்தேன். பட்டியலில் இரண்டு கட்டங்கள் இருந்தன. முதல் கட்டத்தில் கையெழுத்திட்ட தேதி. இரண்டாவதில் ஏற்புறுதி, அதாவது கட்டுப்படுகிறோம் என்று நாடு உறுதி தந்த தேதி. அந்த நாட்டுக்கு நேரே இரண்டாவது கட்டத்தில் ஒரு சிறு கோடு மட்டும் இருந்தது.

முதலாண்டின் முதல் மாதத்தில் எங்கள் விரிவுரையாளர் சொன்ன பாடம் அது. "கையெழுத்துங்கிறது நிச்சயம் பண்றது. ஏற்புறுதிதான் கல்யாணம். நிச்சயத்தோட நின்னுபோனவன்கிட்ட போய்க் குடும்பம் நடத்த முடியாது." வகுப்பே சிரித்தது. தேர்வில் அந்தக் கேள்வி வந்தது, முழு மதிப்பெண் வாங்கினேன். அந்த நாடு இந்த உடன்படிக்கைக்குக் கட்டுப்பட்டதே இல்லை. முப்பது நாள் என்பது அங்கே வெறும் அச்சு.

உத்தரவை மறுபடி படித்தேன். பதினைந்து நாளுக்குள் ஆட்சேபணை தந்து பொறுப்பிலிருந்து விலகலாம் என்று கடைசிப் பத்தியில் இருந்தது. நான்கு நாள் மிச்சம். ஒரு செய்தி தட்டி அனுப்பினால் போதும். தட்டினேன், அழித்தேன், திரும்பத் தட்டினேன். புத்தகம் பழைய பதிப்பாக இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நூலகரிடம் புதிய பதிப்பு கேட்டேன். அடுத்த வாரம் வரும் என்றார். அந்தப் பதிலில் எனக்கு எவ்வளவு நிம்மதி வந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறையத் தோன்றுகிறது. எனக்கு வெட்கம். அவ்வளவுதான் காரணம், வேறு ஒன்றும் இல்லை.

பதிமூன்றாம் நாள் அவனே கூப்பிட்டான். பின்னால் படகின் சத்தம் கேட்டது.

"மந்திரி, மாலுமிகள் சங்கத்துலேர்ந்து ஒருத்தர் வந்திருக்காரு. பதினைஞ்சு நாளுக்குள்ள ஆட்சேபணை போடலாமாம். ஒரே ஒரு தாள்தான். எழுதிக் குடுத்தா கையோட வாங்கிட்டுப் போறேன்னு படகுல நிக்கிறாரு. போடவா, இல்ல நீ சொன்ன முப்பது நாளைப் பாக்கலாமா?"

அம்மா பக்கத்தில் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசியை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்தாள்.

"பாத்துட்டுச் சொல்றேன் அண்ணா."

"அவசரம் இல்லதானே?"

"இல்ல."

"சரி, நீ சொன்னா சரிதான்," என்று வைத்துவிட்டான். படகு போய்விட்டது. அன்று சாயங்காலம் கூப்பிட்டேன். அவன் போனில் சார்ஜ் தீர்ந்திருந்தது. படகு வந்தால்தான் சார்ஜ் ஏற்றமுடியும், அடுத்த படகு இருபதாம் நாள்தான் வந்தது.

முப்பது நாள் போயிற்று. தொண்ணூறு போயிற்று. பதினான்கு மாதம் ஆகிவிட்டது. கப்பலில் மின்சாரம் இல்லை. உள்ளே புழுக்கம் தாங்காமல் மேல்தளத்தில் தார்ப்பாய் கட்டிப் படுக்கிறான். வாரத்துக்கு ஒருமுறை படகு தண்ணீரும் சாப்பாடும் கொண்டுவருகிறது. கடைவாய்ப் பல் வலித்து வலித்துத் தானாகவே விழுந்ததாம். ஓடாத இயந்திரத்துக்குத் தினமும் எண்ணெய் போடுகிறான். "கை சும்மா இருந்தா புத்தி எங்கெங்கயோ போகுது," என்றான். தூதரகத்துக்கு ஒன்பது கடிதம் எழுதினேன். ஒன்றில்கூட அந்தக் கோட்டைப் பற்றி எழுதவில்லை. அவனிடமும் சொல்லவில்லை. எப்போது கேட்டாலும் "முயற்சி பண்றாங்க அண்ணா" என்று மென்று முழுங்கினேன்.

போன மாதம் அம்மாவோடு வெளியுறவு அலுவலகத்துக்குப் போனேன். மூன்று மணி நேரம் உட்காரவைத்து உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரி கோப்பைப் புரட்டினார்.

"உங்க பையன் தானா விரும்பிக் கையெழுத்துப் போட்டிருக்காரும்மா. கெடுவுக்குள்ள ஆட்சேபணையும் தரல. இப்ப நாங்க அங்க போய் என்னன்னு பேசறது?"

"தானாப் போடலீங்க சார்," என்றாள் அம்மா. "இவ சட்டத்தையெல்லாம் படிச்சுப் பாத்துச் சொன்ன பிறகுதான் போட்டான். இவ படிக்கிறதே இதத்தான்."

அதிகாரி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவரும் இதே பாடத்தைப் படித்துத்தான் அந்த நாற்காலிக்கு வந்திருப்பார். ஏதோ கேட்க வாயெடுத்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்படியா," என்று மட்டும் சொன்னார். திரும்பி வருகிற பஸ்ஸில் அம்மா கேட்டாள், "அவரு உன்னை முன்ன எங்கயாச்சும் பாத்திருக்காராடி? ஏன் அப்படிப் பாத்தாரு?" நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நேற்று பரீட்சை முடிவு வந்தது. மத்தியானம் அண்ணன் கூப்பிட்டான். போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிப் படியில் போய் உட்கார்ந்தேன். அவன் குசலம் விசாரிப்பதற்குள் சொல்லத் தொடங்கிவிட்டேன். இரண்டு கட்டம், கோடு, நான் ஒன்றை மட்டும் பார்த்தது, எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன். அவன் குறுக்கே பேசவில்லை.

"விடு," என்றான் கடைசியில். "இங்க இருக்கிற வக்கீலுக்கே இதெல்லாம் தெரியல. நீ சின்னப் பொண்ணு. தெரியாம நடந்தது." குரலில் கோபமே இல்லை. பதினான்கு மாதம் தனியாகக் கிடந்தவன் எனக்குத் தைரியம் சொன்னான். அங்கேயே நான் நிறுத்தியிருக்கலாம்.

"உனக்கு எப்பத் தெரிஞ்சுது?" என்று கேட்டான். சும்மா, பேச்சுவாக்கில் கேட்டதுதான்.

பொய் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. இருபதாம் நாள் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்.

"பதினோராம் நாள்."

"நான் உனக்குப் பதிமூணாம் நாள் போன் பண்ணேன்," என்றான்.

"ஆமா அண்ணா."

"படகுல அவரு நின்னுட்டிருந்தாரு."

"ஆமா."

பிறகு, "அம்மாகிட்ட குடு," என்றான். மந்திரி என்று சொல்லவில்லை, பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை.

கீழே இறங்கி வந்து கொடுத்தேன். அம்மா மடியிலிருந்த சட்டையை ஒதுக்கிவிட்டு இரண்டு கையாலும் போனை வாங்கிக்கொண்டாள்.

"தங்கச்சி சொன்னாளாப்பா? இன்னிக்கு ரிசல்ட்டு. பன்னாட்டுச் சட்டத்துல காலேஜ்லயே இவதான் முதலாம். கேக்குதா? இவதான் முதல்." சிறிது நேரம் காதில் வைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அழறான்டி. சந்தோஷம் தாங்கல அவனுக்கு."