முழங்கால் உயரத்திலிருந்து ஒரு வீடு

தப்பு என்னுடையதுதான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பிறகு யாரும் வந்து என்னிடம் நியாயம் பேசக் கூடாது. ஆனால் அந்தத் தப்பின் மேல் மூன்று பேர் கையெழுத்துப் போட்டு, பத்தாததற்கு முத்திரையும் குத்தினார்களே, அதுவும் என் தப்பா?

நான் ஒரு கட்டட இன்ஜினியரிடம் வரைபடம் போடும் வேலையில் இருக்கிறேன். பதினாலு வருஷம். காலை முதல் மாலை வரை நேர்கோடுதான். சுவர் என்றால் ஒன்பது அங்குலம், கதவு என்றால் ஏழடி. தெருவை வரைந்தால் எல்லாக் கோடுகளும் தூரத்தில் ஒரே புள்ளியில் போய்ச் சேர வேண்டும். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவை மூடியதும் ஸ்கேலைத் தள்ளி வைத்துவிட்டு என் இஷ்டத்துக்கு வரைவேன். அங்கே புள்ளியும் கிடையாது, அளவும் கிடையாது. முதலில் வாசல். அப்புறம் கண் எங்கே இழுக்கிறதோ அங்கே கை போகும். மனசில் எது பெரிசோ அது தாளிலும் பெரிசு. அப்படி வரைந்தால் கட்டடத்துக்கு உள்ளே இருப்பவர்களின் சாயல் தானாக வந்துவிடும். பல் டாக்டரின் கட்டடத்துக்கு வாசல் காதுவரை கிழிந்திருக்கும். எங்கள் ஆபீஸ் அச்சாக எங்கள் இன்ஜினியரேதான். கீழே குச்சிக் கால்கள், மேலே மாடி தொப்பையைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு நிற்கும். அந்தப் பக்கம் மட்டும் அவர் கண்ணில் படாமல் நோட்டைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் கண்டக்டரம்மா வந்தார். முப்பத்தோரு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர். வீடு கட்ட வரைபடம் வேண்டும் என்று அவர் சொன்னது எதிர்க்கடை வரைக்கும் கேட்டது.

"முன்னாடி ஒரு பால்கனி வேணும்மா. படிக்கட்டுல தொங்கிட்டுப் போனா காத்து மூஞ்சில அடிக்கும் பாரு, அந்த மாதிரி அடிக்கணும்."

இதைக் கேட்ட பிறகு கை சும்மா இருக்குமா? அன்று மத்தியானமே வரைந்தேன். நோட்டு போதவில்லை, பெரிய தாளை எடுத்தேன். பால்கனி பாதித் தெருவுக்குச் சாய்ந்து "ஏறு, ஏறு" என்று கூப்பிட்டது. மாடியிலிருந்த தண்ணீர்த் தொட்டி தொப்பிபோலப் பின்னால் நழுவிக் கிடந்தது. தெருக்கோடியில், கட்டை விரல் நகம் அளவுக்கு, வரைபடங்களுக்கு அனுமதி தரும் அலுவலகத்தையும் போட்டேன். ஐந்து படி, இரண்டு தூண், நின்றுபோன கடிகாரம், பாதி மூடிய ஜன்னல்கள். பார்த்துப் பார்த்துச் சிரித்தேன்.

மறுநாள் அந்த அலுவலகத்துக்கு ஃபைல் போக வேண்டும். தளவரைபடம், வெட்டுத்தோற்றம் எல்லாம் வைத்தேன். முன்தோற்றம் இருக்க வேண்டிய இடத்தில், அவசரத்தில் கவனிக்காமல், இந்தக் கோணல் வீட்டை வைத்துக் கட்டிவிட்டேன். நேரான தாள் என் மேஜையிலேயே தங்கிவிட்டது. அதைப் பார்த்துத்தான் கொத்தனாருக்குப் பிரதி போட்டேன், அதனால் வீடு தூக்குக்குண்டு போட்டதுபோல் நேராக எழும்பியது.

அனுமதி வர ஏழு மாசம் ஆயிற்று. வந்த கட்டைப் பிரித்து நாங்களும் பார்க்கவில்லை, பொய் சொல்வானேன். வீடு கட்டி முடித்து, மின்சார இணைப்புக்குப் பணி நிறைவுச் சான்றிதழ் வேண்டும் என்றபோதுதான் பிரித்தேன். மறுநாள் காலை அலுவலகத்திலிருந்து ஆபீசர் வந்து, முத்திரை குத்திய வரைபடத்தையும் வீட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறார். உள்ளே என் கோணல் வீடு நீல முத்திரையோடு பல்லைக் காட்டியது.

இன்ஜினியர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"முன்தோற்றம் சார்."

"எதோட முன்தோற்றம்?"

நேரான தாளை இப்போது வைக்கலாம் என்றால் அதில் முத்திரை இல்லை. உண்மையைச் சொன்னால் மறுபடி முதலிலிருந்து விண்ணப்பம், இன்னொரு ஏழு மாசம். கண்டக்டரம்மாவோ இருக்கிற வாடகை வீட்டை மாசக் கடைசியில் காலி செய்தாக வேண்டும். இன்ஜினியர் என் மேஜையைக் குடைந்து நோட்டை எடுத்தார், தன் டிராயரில் போட்டுப் பூட்டினார்.

"நாளைக்கு நீயே ஃபைலத் தூக்கிட்டுப் போ. சான்றிதழோட வந்தா உனக்கு வேலை. இல்லைன்னா சாப்பாட்டு டப்பாவையும் இந்த நோட்டையும் எடுத்துட்டு அப்படியே வீட்டுக்குப் போயிடு."

வீட்டில் சொன்னேன். என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். "போனா போகுது விடு. வீட்டுல உக்காந்து என்னைக் கோணலா வரைஞ்சுக்கோ" என்றார். உங்களை வரைய ஸ்கேலே வேண்டாம் என்றேன். ஆனால் எனக்கு அழுகை வந்தது. அந்த ஜன்னலோர மேஜையை விட்டால் எனக்கு வேறு இடம் தெரியாது.

காலையில் ஆபீசர் வந்தார். தேய்த்த சட்டை, தேய்த்த பேன்ட், சட்டைப்பையில் மூன்று பேனா. கண்டக்டரம்மா கேட்டிலேயே நின்று வரவேற்றார். அவரிடம் நான் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். திட்டுவார் என்று நினைத்தேன், அவரோ தாளைப் பிடுங்கிப் பார்த்து, "அடிப்பாவி, நான்தான் தொங்குறேன்!" என்று சிரித்துவிட்டார். அப்புறம்தான் முகம் சுருங்கியது. "இதுக்காக மறுபடி அந்த ஆபீஸ்ல போய் நிக்கச் சொன்னா என்னால முடியாதும்மா" என்றார்.

ஆபீசர் ஃபைலைத் திறந்து ஒவ்வொரு தாளாகத் தள்ளினார். அந்தத் தாளில் கை நின்றது. வீட்டைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். மறுபடி வீட்டைப் பார்த்தார்.

"இதை யாரு அனுமதிச்சா?" என்று அதட்டினார்.

நான் தாளின் அடியைக் காட்டினேன். "மூணாவது கையெழுத்து உங்களோடது சார்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. இப்போது எங்கள் இரண்டு பேர் வேலையும் ஒரே தாளில் இருந்தது. எனக்குப் பயம் பாதி குறைந்தது, குறும்பு பாதி ஏறியது.

"சார், நின்னுட்டுப் பாத்தா தெரியாது. இது கீழ இருந்து பாக்கிற தோற்றம்" என்றேன்.

"எவ்வளவு கீழ?"

"கொஞ்சம் குனிங்க."

குனிந்தார். "இன்னும் சார். கேட்டுக்கிட்ட வந்து உக்காருங்க." உட்கார்ந்தார். "முழங்கால் போட்டாத்தான் சரியா வரும்." எதிர்வீட்டு மாடியில் இரண்டு பேர் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். அந்தத் தேய்த்த பேன்ட்டோடு மனுஷன் மண்ணில் முழங்கால் போட்டார். "தலையை வலது பக்கம் சாயுங்க. இடது கண்ணை மூடுங்க."

நான் விளையாட்டுக்குத்தான் சொன்னேன். ஆனால் அவர், "அட!" என்றார்.

நானும் பக்கத்தில் முழங்கால் போட்டுத் தலையைச் சாய்த்தேன். நிஜமாகவே பால்கனி எங்கள் தலைக்கு மேல் சாய்ந்து வந்தது. தண்ணீர்த் தொட்டி விளிம்புக்குப் பின்னால் தொப்பியாக நழுவியது. வீடு கட்டுவதற்கு முன்னால் கண்ணை நம்பி வரைந்த படம் அது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

"வருது... வருதே!" என்று ஆபீசர் தாளையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். அப்படிப் பார்த்துக்கொண்டே வந்தவரின் கண் தாளில் நான் போட்ட தெருக்கோடிக்குப் போனது. தாளை மூக்குக்கிட்டே கொண்டுபோனார். ஐந்து படி. இரண்டு தூண். நின்றுபோன கடிகாரம்.

"இது எங்க ஆபீஸ்தானே?"

"ஆமா சார்."

"ஏன் இத்துனூண்டு இருக்கு?"

"தூரத்துல இருக்கில்ல சார். தூரத்துல இருந்தா சின்னதாத்தான் தெரியும்."

"எது தூரம்? நாலு தெரு தள்ளித்தானே இருக்கு!"

பின்னால் நின்ற கண்டக்டரம்மா ஒரு அடி முன்னால் வந்தார். பஸ்ஸில் பேசுகிற குரல் இல்லை, மெதுவாகத்தான் பேசினார்.

"நாலு தெரு உங்களுக்கு சார். எனக்கு ஏழு மாசம். ரெண்டு ஜோடி செருப்பு தேஞ்சுது. அவ்வளவு தூரத்துல இருந்து பாத்தா இவ்வளவுதான் சார் தெரியும்."

ஆபீசர் முழங்கால் போட்டபடியே அந்த நகம் அளவுக் கட்டடத்தையும் அதன் பாதி மூடிய ஜன்னல்களையும் ரொம்ப நேரம் பார்த்தார். அவர் காது சிவந்திருந்தது.

"அப்போ அளவு சரிதான்" என்றார்.

எழுந்து மண்ணைத் தட்டினார். ஃபைலை மதில்மேல் வைத்து அங்கேயே எழுதினார். கட்டடம் அனுமதிக்கப்பட்ட வரைபடத்தின்படியே உள்ளது. பேனாவை மூடப் போனவர், மறுபடி திறந்து கீழே ஒரு வரி சேர்த்தார்: முழங்கால் உயரத்திலிருந்து பார்வையிடப்பட்டது. சான்றிதழைக் கண்டக்டரம்மா கையிலேயே கொடுத்துவிட்டு, "இதுக்காக நீங்க அங்க வர வேண்டாம்மா" என்றார். கண்டக்டரம்மா அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

அதன் நகலோடு ஆபீஸுக்குப் போனேன். இன்ஜினியர் கடைசி வரிவரை படித்தார், என்னை நிமிர்ந்து பார்க்காமல் டிராயரைத் திறந்து நோட்டை நீட்டினார். போ, போய் வேலையைப் பார் என்பதுபோல் கையை ஆட்டினார்.

என் மேஜைக்கு வந்து நோட்டைப் பிரித்தேன். நான் ஒளித்து வைத்த பக்கத்துக்கு அடையாளமாக ஒரு தாள் துண்டு சொருகியிருந்தது. குச்சிக் கால் ஆபீஸ் அப்படியே இருந்தது. அதன் மேல்மாடிக்குப் பக்கத்தில், வரைபடத் திருத்தங்களுக்கு அவர் வைத்திருக்கும் சிவப்புப் பேனாவால் அம்புக்குறி போட்டு எழுதியிருந்தார்: "தொப்பையைக் குறைக்கவும்."

பதினாலு வருஷத்தில் அவர் சிவப்பில் எழுதிய எந்தத் திருத்தத்தையும் நான் செய்யாமல் விட்டதில்லை. இதை மட்டும் செய்யவில்லை.