சீட்டில் இருந்த புள்ளி

என் மாப்பிள்ளை தோள்வலி தீர, உடற்பயிற்சிக்காரர்கள் போட்டுக்கொள்ளும் பெப்டைடு என்ற மருந்து ஊசி வாங்கிவந்து, தானே போட்டுக்கொள்ள உட்கார்ந்தார். உடற்பயிற்சிக் கூடத்து மாஸ்டர் அளவைச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். ஊசிக்குழாய் நிறைய மருந்து ஏறியிருந்தது.

நான் படித்தது நாலாம் வகுப்பு. ஆனால் நாற்பது வருஷம் பட்டறையில் லேத் ஓட்டி இரும்பு கடைந்தவன். சீட்டை வாங்கிப் பார்த்தேன்.

“மாப்ளே, ஒண்ணுக்கு முன்னாடி புள்ளி இருக்கே?”

“அது பேனா பட்டது மாமா. ஒரு மில்லிதான். மாஸ்டர் மருந்துப் பெட்டியில இருந்ததை அப்படியே பார்த்து எழுதினது. அவரும் ஒரு மில்லிதான் போட்டுக்கிறார், நானே பார்த்தேன்.”

“அவர் டாக்டருக்குப் படிச்சாரா?”

“நீங்க யாரைத்தான் நம்புவீங்க?”

“புள்ளியை.”

லேத்தில் அளவின் புள்ளியை விட்டால் இரும்புதான் வீண். இவர் என் மகளின் புருஷன். ஊசியையும் குப்பியையும் பிடுங்கிக்கொண்டு தெருமுனை மருந்துக்கடைக்கு நடந்தேன். அவரும் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

கடைக்காரம்மா சீட்டைப் பார்த்தார். “புள்ளி ஒண்ணுன்னா ஒரு மில்லியில பத்துல ஒரு பங்கு. நீங்க பத்து மடங்கு ஏத்தியிருக்கீங்க. அதுவும் குப்பியில கம்பெனி பேரும் இல்ல, தேதியும் இல்ல. சொட்டுகூட போடாதீங்க. தோளை டாக்டர்கிட்ட காட்டுங்க.”

மாப்பிள்ளை உடனே மாஸ்டருக்குப் போன் போட்டார். மாஸ்டரின் மனைவி எடுத்தார்.

“அவர் ஆஸ்பத்திரியில இருக்காருங்க. ஊசி போட்டுக்கிட்டு மயங்கி விழுந்துட்டார். எவ்வளவு போட்டார்னு டாக்டர் கேக்குறார். உங்களுக்குத் தெரியுமா?”

மாப்பிள்ளை என்னைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

“ஒரு மில்லிங்க. புள்ளி இல்லாம.”

குப்பியை மாப்பிள்ளை கையில் கொடுத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டச் சொன்னேன்.