எச்சில் அக்காவின் வரவேற்பு

1

எனக்கு மைக் என்றால் ஆகாது. ஒருமுறை நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டபோது, உடம்புக்குள் என்னதான் நடக்கிறது என்று தேடிப் படித்தேன். அதில் பிறந்தது இந்தக் கதை. முதல் வரி: மேடையில் அவள் மயங்கி

(வேண்டாம். யாரும் மயங்க மாட்டார்கள்.)

மறுபடியும். ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் எச்சில் அக்கா. ஆட்களைக் கூட்டத்தின் முன் பேசவிட்டு, பேச்சுக்கு முன்னும் பின்னும் அவர்கள் எச்சிலில் கார்டிசால் என்ற பதற்ற ஹார்மோனை அளப்பார்கள். எச்சிலைக் குழாயில் பிடிப்பது அக்கா. பேசப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே அளவு ஏறினால் நியாயம். ஆனால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, சும்மா படம் பார்க்க மட்டும் அழைத்தவர்களுக்கும் முதல் குழாயிலேயே ஏறியிருந்தது. ஏன்?

“குழாய மாத்தி வெச்சிட்டீங்களாக்கா? இந்த வாரமும் இப்படின்னா ஆய்வையே மூடிடுவாங்க,” என்றார் ஆய்வுத் தலைவர்.

“மூக்குக் கண்ணாடிய மாத்திப் போட்டாலும் போடுவேன், குழாய மாத்த மாட்டேன் சார்!”

2

இங்கே காப்பியைக் குற்றவாளியாக்கப் பார்த்தேன். (அக்கா விசாரித்தாள். யாரும் குடித்திருக்கவில்லை. ஒரு பத்தி வீண்.)

கொஞ்சம் விளக்குகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பயந்த நொடியில் பாய்ந்து வந்து நெஞ்சைத் தட்டுவது அட்ரினலின். கார்டிசால் சாவகாசப் பேர்வழி. சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் சுரப்பிக்கு மூளையிலிருந்து சேதி போய், அது சுரந்து, இரத்தம் வழியாக எச்சிலுக்கு வந்து உச்சம் தொட இருபது முப்பது நிமிடம் பிடிக்கும். ஆக, எச்சில் காட்டுவது சற்று முந்தைய பயத்தை.

வந்தவர்கள் அரைமணி உட்கார்ந்த பிறகுதான் முதல் குழாய். அப்படியானால் பயம் வாசலிலேயே பிடித்திருக்கிறது. வாசலில் நிற்பது யார்?

3

மறுநாள் படம் பார்க்க ஒரு தச்சர் வந்தார். அக்கா வழக்கம்போல் வரவேற்றாள்.

“பயப்படாதீங்கண்ணே. ஒண்ணும் ஆகாது.”

தச்சர் நின்றுவிட்டார். “என்ன ஆகாது? படம்தானே பாக்கச் சொன்னாங்க? உள்ள ஊசி கீசி உண்டா?”

“ஐயோ, இல்லண்ணே!”

“அப்புறம் ஏம்மா பயப்படாதீங்கன்னு சொல்றீங்க?”

அக்கா வாயில் கை வைத்தாள்.

4

இதை ஆய்வுக் கூட்டத்தில் அவளே எழுந்து சொல்லவேண்டும். இத்தனை பேரைப் பேச அனுப்பியவள் தான் ஒருநாளும் பேசியதில்லை. நெஞ்சு தடதடத்தது. (அட்ரினலின். கார்டிசால் இன்னும் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்.)

“சொல்லுங்கக்கா, பயப்படாதீங்க,” என்றார் தலைவர்.

“சார், அந்த வார்த்தைதான் சார் பிரச்சினையே!”

அறையே சிரித்தது. அதற்கப்புறம் அவள் வெளுத்து வாங்கினாளா, பாதியில் நாக்கு ஒட்டி

அதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டையும் எழுதிப் பார்த்தேன், இரண்டும் பிடித்திருக்கிறது. அடுத்த வாரம் நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். அக்கா வாசலில் “வாங்க, உட்காருங்க” என்பதோடு நிறுத்திக்கொண்டாள். படம் பார்க்க வந்தவர்களின் முதல் குழாயில் அளவு ஏறவில்லை.