அத்தைகள் குடும்பமல்ல

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. கானா நாட்டுக் குமாசி நகரில் எங்கள் தெருமுனையில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் பிராகோ, சந்தைப் பெண்களுக்கான இலவசப் பரிசோதனையில் சொல்லிவிட்டு வந்த பொய்தான் காரணம். பொய் என்று எழுதினால் சண்டைக்கு வருவாள். அந்த வரியை அடித்துவிட்டு மறுபடி தொடங்குகிறேன்.

'மழை பிடித்த ஒரு காலையில் பிராகோ—'

வேண்டாம். மழைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

2

நர்ஸ் மான்சா கேட்டாள்: "குடும்பத்துல யாருக்காவது மார்புல கேன்சர் வந்திருக்கா?"

"யாருக்கும் இல்ல, சிஸ்டர். பிராவுக்குள்ள காசு வெச்சா வரும்னாங்க. அதையும் விட்டுட்டேன்."

"காசால எல்லாம் வராது. நான் கேட்டது குடும்பத்தை."

"அதான் இல்லைங்கிறேனே."

மான்சா அவள் மார்பைத் தடவிப் பார்த்து அனுப்பிவிட்டாள்.

அதற்கு முந்தின சனிக்கிழமைதான் பிராகோ துக்கத்துக்கான கறுப்பும் சிவப்பும் உடுத்தி, அப்பாவின் தங்கைக்கு அழுதுவிட்டு வந்திருந்தாள். செத்தவளுக்கு நாற்பத்திரண்டு வயது. இடது மார்பில் புண். சாவு போஸ்டரில் 'சில நாள் சுகவீனம்' என்று போட்டார்கள். மூத்த அத்தையும் இதே சுகவீனத்தில் போனவள்தான்.

(உங்களுக்குக் கோபம் வரும். ஆனால் இங்கே அசாந்தி இனத்தார் வழக்கில் குடும்பம் என்றால் தாய்வழி மட்டுமே. அத்தைகள் பாசமானவர்கள், குடும்பமல்ல. ஆக அவள் சொன்னது பொய்யும் அல்ல. என் எரிச்சலுக்கு அந்த ஆறுதல்கூட இல்லை.)

3

ஒரு வரைவில் மான்சாவே அத்தைகளைப் பற்றிக் கேட்கிறாள். அழகாக இருந்தது. நடக்கவில்லை. நடந்தது என் வாயால்தான்.

"ரெண்டு அத்தைங்க போனாங்களே, அது?"

"அவங்க எங்கப்பா வீட்டாளுங்க."

"உன் மூக்கு யாரு மூக்கு?"

"அப்பாது."

"அப்ப மூக்கு மட்டுந்தான் அங்கேருந்து வருமா?"

பெயிண்ட் கலக்கிக்கொண்டிருந்த கை நின்றது. "அந்தப் பக்கத்துலேருந்தும் வருமா?"

"வரலாம், வராமயும் போகலாம். மொதல்ல போய் அதைச் சொல்லு."

4

போனாள். இம்முறை மான்சா ஸ்கேனுக்கு அனுப்பினாள். எதுவும் இல்லை.

"இப்ப ஒண்ணுமில்ல. ஆனா வருஷாவருஷம் வரணும். கூடப்பிறந்தவங்க?"

"ஒரு அண்ணன். அவனுக்கு மூணு பொண்ணுங்க."

"அவர்கிட்டயும் சொல்லிடுங்க. அப்பா வழியா பொண்ணுங்களுக்கும் போகலாம்."

'பிராகோ நிம்மதியாக வீடு திரும்பி—' என்று முடிக்கப் பார்த்தேன். அவள் நேரே அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

5

அண்ணன் அம்போன்சா முழுவதும் கேட்டான். பிறகு சிரித்தான்.

"எங்கிட்ட ஏன் சொல்றே? எம் பொண்ணுங்க அவங்கம்மா குடும்பம். அவங்க மாமன்கிட்டப் போய்ச் சொல்லு."

பிராகோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் இரண்டு வாரம் முன்புவரை அவளும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

அப்போது அவன் மூத்த மகள் ஃப்ரேமா தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். "என்ன அத்தை, மொகம் ஒரு மாதிரி இருக்கு?"

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் பிராகோ "ஒண்ணுமில்லடி" என்று தண்ணீரைக் குடிக்கிறாள். மற்றதில் எல்லாவற்றையும் சொல்ல, அண்ணன் அவளை வெளியே போகச் சொல்கிறான். இரண்டையும் கிழித்தாயிற்று. ஆறுமாதமாக இந்த இடத்திலேயே நிற்கிறேன். இனி நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணன் முறைக்கிறான். பெண் இன்னும் உள்ளே போகவில்லை.