ஈரம் காய்வதற்குள்

புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து அக்கா வீடு திரும்பிய வாரத்தில், குளியலறைக் கண்ணாடியின் மேல் ஒரு துண்டு தொங்கியது. யார் போட்டது என்று தங்கை கேட்கவில்லை. கேட்பானேன்? தெருவே திரும்பிப் பார்த்த முகம் அக்காவுடையது. இப்போது மருந்தின் சூட்டில் வறண்டு, மூக்கோரம் செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது. சிரித்தால் கன்னம் இழுத்தது. அதனாலேயே சிரிப்பதை விட்டிருந்தாள்.

தங்கைக்குப் பேக்கரியில் வேலை. ஞாயிறு மதியம் வந்ததும் கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர், மெல்லிய துணி, மருத்துவர் சரி என்ற வாசனையில்லாத கிரீம் எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பிக்கொண்டு சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"தலைய மடியில வை."

"இருக்கிற லட்சணத்துல எனக்கு அலங்காரம் ஒண்ணுதான் கொறச்சல்."

"ரொம்பப் பேசாத. படு."

அக்கா முறைத்தாள், ஆனால் படுத்தாள்.

அந்தக் காலத்தில் மடி அக்காவுடையது. இருவருக்கும் ஒரே அறை. அக்கா அழகுக்கலைப் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தாள். பழகிப் பார்க்க வீட்டில் கிடைத்த ஒரே முகம் தங்கையுடையது. குளிர் தொடங்கினால் தோல் காய்ந்து வெளிறிவிடும் என்பதால் அவளுக்குப் பேரே 'சுக்கு'தான். ஞாயிறுதோறும் சுக்கின் முகத்தில் தேனும் தயிரும் ஏறும். கண்மேல் வைத்த வெள்ளரித் துண்டை அவள் நைசாக எடுத்துத் தின்பாள். அக்கா காதைத் திருகுவாள். "திங்கிறத மூஞ்சில பூசுங்க, பூசுனத எடுத்துத் தின்னுங்க. வெளங்கிரும்!" என்று அடுக்களையிலிருந்து அம்மா கத்துவாள்.

"தேய்க்காதடி, ஒத்தி எடு," என்றாள் அக்கா, மூடிய கண்ணைத் திறக்காமல். "ஈரம் காயறதுக்குள்ள கிரீமப் போடு."

"வாய மூடு, உள்ள போயிடும்."

விரல் நெற்றியிலிருந்து இறங்கி, புருவம் இருந்த இடத்தில் தயங்கியது.

"என்ன, புருவத்தத் தேடுறியா? லீவுல போயிருக்கு."

தங்கை பொங்கிச் சிரித்தாள். அக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடங்கியதும், "எத்தன ஞாயித்துக்கிழம என் மூஞ்சிய நாசம் பண்ணிருப்ப, உன் பயிற்சிக்காக!" என்றாள் தங்கை.

"பயிற்சியா? அதெல்லாம் எப்பவோ முடிஞ்சிருச்சு."

"அப்புறம் எதுக்கு விடாமப் பண்ணின?"

"அப்பா போனப்புறம் நீ தூங்கவே மாட்ட. மூஞ்சில கை வச்சா மட்டும்தான் கண்ணு சொக்கும். தூங்க வைக்கிறேன்னு சொன்னா வீம்புக்கு முழிச்சுட்டுக் கெடப்ப. அதான் பயிற்சின்னேன்."

இத்தனை வருடம் தங்கை அதைக் கேலியாகவே சொல்லித் திரிந்திருக்கிறாள். மூக்கோரம் உரிந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் கிரீமைத் தொட்டு வைத்தாள்.

"கழுத்துக்கும் போடு," என்றாள் அக்கா. "கழுத்த எல்லாரும் மறந்துருவாங்க."

"போடுறேன்க்கா."

கால் மரத்துப்போயிருந்தது. தங்கை அதை அசைக்கவில்லை.